டாக்டர் மட்டுந்தானா? சுகாதாரத் தொழில் படிக்கப் பல வாசல் உண்டு



நம்ம தோட்டத்துப் பிள்ளையிடம் "பெரியவனானா என்ன ஆவே?" என்று கேட்டால், பத்துப் பிள்ளைகளில் நாலைந்து "டாக்டர்" என்று சொல்லும். அதே பிள்ளை 11ஆம் வகுப்புக்கு வந்த பிறகு கேட்டுப் பாருங்கள். தலையைக் குனிந்துகொண்டு "தெரியாது ஐயா" என்கும். இடையில் என்ன நடந்தது? பிள்ளைக்கு மூளை குறைந்து போனதா? இல்லை. டாக்டர் என்பது எட்டாத உயரம், அதைத் தவிர வேறு வழி எதுவும் இல்லை என்று யாரோ அந்தப் பிள்ளையின் மனதில் போட்டுவிட்டார்கள். இரண்டுமே சரியில்லை. சுகாதாரத் தொழில் என்பது ஒரே வாசல் உள்ள வீடு அல்ல, பல வாசல் உள்ள வீடு. அந்த வாசல்கள் எங்கே இருக்கின்றன, எப்போது திறக்கும், எதனால் அடைபடும் என்பதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம். பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தால் நல்லது. வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

நம்ம பிள்ளைகள் ஏன் இந்தத் தொழிலுக்கு வேண்டும்?

சில வருடங்களுக்கு முன் நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவுக்குப் பல மாதமாக இரத்தப்போக்கு. மலை ஏறினால் மூச்சு வாங்கும், கண் இருட்டும். ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அன்றைக்குத் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. கூடப் போன பத்து வயது மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் கொஞ்சம் தெரியும். "அம்மாவுக்கு என்ன?" என்று அவனிடம் கேட்டார்கள். பெத்த மகன் வாயால் அதை எப்படிச் சொல்லச் சொல்வது? அந்த அம்மா வெட்கப்பட்டு "வயித்து வலின்னு சொல்லுய்யா" என்றார். வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து வேறொரு கிளினிக்கில் தமிழ் பேசுகிற ஒரு மிஸ்ஸி மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "என்னக்கா செய்யுது?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் வெளியே வந்தது. இரத்தம் பரிசோதித்தால் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. நல்ல வேளை, உயிருக்கு ஆபத்து வருமுன் மருந்து கிடைத்தது.

முதல் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு மொழி தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் மொழி தெரிந்த ஒருவர், லயத்து வாழ்க்கை தெரிந்த ஒருவர், அந்த இடத்தில் இருந்திருந்தால் மூன்று மாதம் அந்த அம்மா கஷ்டப்பட்டிருக்க மாட்டார். நம்ம பிள்ளைகள் இந்தத் தொழிலுக்குப் போவது அவர்களுடைய சம்பளத்துக்காக மட்டுமல்ல. நம்ம ஆட்களுடைய உயிருக்காகவும்தான்.

வாசல்கள் எத்தனை?

அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சுகாதாரத் துறையில் படிக்கக்கூடிய முக்கியமான பட்டப்படிப்புகளைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, மருத்துவம். எம்.பி.பி.எஸ். என்பது இதுதான். 5 வருடப் படிப்பு, அதன் பிறகு ஆஸ்பத்திரியில் 1 வருட உள்ளகப் பயிற்சி. இலங்கையில் மருத்துவப் படிப்பு 1870ஆம் ஆண்டு கொழும்பில் ஆரம்பமானது. இரண்டாவது மருத்துவ பீடம் 1962இல் பேராதனையில் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1978இல் வந்தது. இன்று மட்டக்களப்பில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், காலியில் ருகுணு, ராகமையில் களனி, அனுராதபுரத்தில் ரஜரட்ட என்று பல இடங்களில் மருத்துவ பீடங்கள் இருக்கின்றன.

இரண்டாவது, பல் மருத்துவம். இதற்குப் பேராதனைதான் நெடுங்காலமாகப் பேர் போன இடம்.

மூன்றாவது, தாதியியல் பட்டம். 4 வருடம். நோயாளியின் பக்கத்தில் இராப்பகலாக நிற்பவர் தாதிதான். பட்டம் படித்த தாதி பிறகு பயிற்றுவிப்பாளராகவும், பல்கலைக்கழக விரிவுரையாளராகவும் வரலாம்.

நான்காவது, மருந்தகவியல். 4 வருடம். மருந்து எப்படிச் செய்யப்படுகிறது, உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, எதோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் இந்தப் படிப்பு.

ஐந்தாவது, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். இரத்தம், சிறுநீர், சளி எல்லாம் பரிசோதித்து நோயைக் கண்டுபிடித்துச் சொல்பவர்கள் இவர்கள். இவர்கள் எழுதிக் கொடுக்கும் துண்டைப் பார்த்துத்தான் டாக்டரே பல நேரம் மருந்து எழுதுகிறார்.

ஆறாவது, இயன் மருத்துவம். பிசியோதெரபி என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். கை கால் விழுந்தவர்கள், இடுப்பு பிடித்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள் மறுபடி நடக்கப் பழக்குவது இவர்கள் வேலை. கூடையும் சாக்கும் சுமந்து இடுப்பு வலியோடு இருக்கிற நம்ம ஆட்களுக்கு இது எவ்வளவு தேவை என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏழாவது, கதிர்ப்படவியல். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பவர்கள்.

எட்டாவது, சித்த மருத்துவம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கைதடியிலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் இது இருக்கிறது. இதைப் படித்தவரும் வைத்தியர்தான்.

நமக்குக் கிட்ட உள்ள பேராதனையில் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடம் என்று ஒன்று இருக்கிறது. தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், இயன் மருத்துவம், கதிர்ப்படவியல் ஐந்தும் அங்கே உண்டு. அட்டனில் ரயில் ஏறினால் பேராதனைச் சந்தியில் இறங்கலாம். அப்படியானால் "டாக்டர் கிடைக்கல்ல, அதனால ஒண்ணும் இல்ல" என்று ஒரு பிள்ளை வீட்டில் உட்காரலாமா?

எல்லா வாசலுக்கும் ஒரே படிக்கட்டு

மேலே சொன்ன எட்டு வாசலுக்கும் போகிற படிக்கட்டு ஒன்றுதான். அது உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவு. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்கள். சில பிள்ளைகள் பௌதிகவியல் கஷ்டம் என்று அதற்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்கிறார்கள். அது நல்ல பாடம்தான். ஆனால் அப்படி எடுத்தால் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. மேலே சொன்ன மூன்றையும் எடுத்தால் எல்லா வாசலும் திறந்திருக்கும். பாடம் தெரிவு செய்யும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உயர்தரத்துக்குப் போக, சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்கள் சித்தியடைந்து, அதில் 3 திறமைச் சித்தி இருக்க வேண்டும். விஞ்ஞானப் பிரிவுக்கு விஞ்ஞானப் பாடத்தில் நல்ல சித்தி கேட்பார்கள். ஆகவே இந்தப் படிக்கட்டின் முதல் கல் 12ஆம் வகுப்பில் இல்லை. 8ஆம், 9ஆம் வகுப்புக் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும்தான் இருக்கிறது. அந்த வகுப்புகளில் பிள்ளை கணிதத்தில் தடுமாறினால் "நமக்கும் கணக்கு வராது, அதுக்கும் வராது" என்று விட்டுவிடாதீர்கள். அப்போதே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

அடுத்தது பாடசாலை. எல்லாப் பாடசாலையிலும் உயர்தர விஞ்ஞானம் இல்லை. அரசாங்கம் பாடசாலைகளை வகை பிரித்து வைத்திருக்கிறது. வகை 3 என்றால் ஆரம்பப் பாடசாலை. வகை 2 என்றால் 11ஆம் வகுப்பு வரை. 1சி என்றால் உயர்தரத்தில் கலை, வர்த்தகம் மட்டும். 1ஏபி என்றால்தான் விஞ்ஞானப் பிரிவும் இருக்கும். நம்ம தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை வகை 3, வகை 2. ஆகவே பிள்ளை ஒரு கட்டத்தில் பாடசாலை மாறித்தான் ஆக வேண்டும். அதிபரிடம் போய் "ஐயா, நமக்குப் பக்கத்தில தமிழ் மொழியில படிக்கக்கூடிய 1ஏபி பள்ளிக்கூடம் எது? அங்க மூணு பாடத்துக்கும் ஆசிரியர் இருக்காங்களா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். பலகையில் பிரிவு இருக்கும், வகுப்பில் பௌதிகவியல் ஆசிரியர் இருக்க மாட்டார். அப்படி நடப்பதும் உண்டு.

வாசல் எங்கே அடைபடுகிறது?

இப்போது இந்தப் பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வாசல் பல்கலைக்கழகத்தில் அடைபடுகிறது என்று நாம் நினைக்கிறோம். எனக்குத் தெரிந்த வரையில், முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு அது லயத்துக் காம்பராவில்தான் அடைபடுகிறது.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களைப் பாருங்கள். பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறது. கொழும்பில் கடை வைத்திருக்கிற ஆள் வருகிறார். "பையன அனுப்புங்க, பெறுபேறு வந்ததும் வரட்டும்" என்கிறார். பெண் பிள்ளையானால் வீட்டு வேலைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ கூப்பிடுகிறார்கள். முதல் மாதச் சம்பளம் வருகிறது. கையில் காசைக் கண்ட பிள்ளைக்கும், கடன் அடைந்த வீட்டுக்கும் பிறகு பள்ளிக்கூடம் ஞாபகம் வருமா? பெறுபேறு நன்றாக வந்தும் திரும்பி வராத பிள்ளைகளை நான் ஒன்றிரண்டல்ல, பலரைப் பார்த்திருக்கிறேன். யார் மேலும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வீட்டில் கஷ்டம் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சில மாதச் சம்பளத்துக்கு நாம் கொடுக்கிற விலை ஒரு ஆயுள் காலத்துத் தொழில் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அந்த மாதங்களில் என்ன செய்யலாம்? ஆங்கிலம் படிக்க விடலாம். பக்கத்துப் பெரிய பாடசாலையில் உயர்தரம் படிக்கிற அண்ணன் அக்காமாரின் பழைய புத்தகத்தை வாங்கி இரசாயனவியலின் முதல் பாடங்களைப் பார்க்கலாம். தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொழும்புக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.

இசட் புள்ளி என்றால் என்ன?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் எல்லோரும் "இசட் புள்ளி எவ்வளவு?" என்று கேட்பார்கள். பல பெற்றோருக்கு இது விளங்குவதில்லை. 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இதைத்தான் பார்க்கிறார்கள். சின்னக் கணக்காகச் சொல்கிறேன்.

ஒரு பிள்ளை மூன்று பாடத்திலும் 56 புள்ளி எடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சமம் போலத் தெரியும். ஆனால் இரசாயனவியலில் எல்லோருடைய சராசரி 40 என்றால், இந்தப் பிள்ளை சராசரியை விட 16 கூட எடுத்திருக்கிறது. உயிரியலில் சராசரி 50 என்றால், 6தான் கூட. ஆகவே இரசாயனவியலில் எடுத்த 56க்கு மதிப்பு அதிகம். இந்த வித்தியாசத்தை, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் ஒரு எண்ணால் வகுப்பார்கள். அதற்கு நியம விலகல் என்று பெயர். இரசாயனவியலில் அது 16 என்றால், 16ஐ 16ஆல் வகுக்க 1 வரும். உயிரியலில் அது 12 என்றால், 6ஐ 12ஆல் வகுக்க 0.5 வரும். பௌதிகவியலில் சராசரி 38, நியம விலகல் 18 என்றால், 56இல் 38 போக 18, அதை 18ஆல் வகுக்க 1 வரும். மூன்றையும் கூட்டினால் 2.5. அதை மூன்றால் வகுத்தால் 0.8333. இதுதான் அந்தப் பிள்ளையின் இசட் புள்ளி. இந்த எண்களெல்லாம் விளங்குவதற்காக நான் போட்டவை. உண்மையான சராசரி ஒவ்வொரு வருடமும் மாறும்.

இதிலிருந்து தெரியவேண்டியது ஒன்று. எல்லோருக்கும் கஷ்டமான பாடத்தில் எடுக்கும் ஒவ்வொரு புள்ளியும் பிள்ளையை மேலே தூக்கும். "பௌதிகவியல் கஷ்டம், அதை விட்டுட்டு உயிரியலை மட்டும் பார்ப்போம்" என்று இருந்தால் நட்டம் பிள்ளைக்குத்தான். மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையிலும் ஆகக் குறைந்தது 30 புள்ளி வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்தை மூன்று தடவை வரை எழுதலாம்.

மாவட்ட ஒதுக்கீடு நமக்கு உதவும்

மருத்துவம் போன்ற கற்கைநெறிகளில் உள்ள இடங்களில் நூற்றுக்கு 40 முழு இலங்கைக்கும் திறமைப்படி போகும். நூற்றுக்கு 55 மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிக்கப்படும். மிச்சம் நூற்றுக்கு 5, கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, மொனராகலை ஆகிய நான்கும் அந்தப் 16இல் அடங்கும். கண்டி, மாத்தளை, கேகாலை அதில் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிள்ளை எந்த மாவட்டம் என்பதைத் தீர்மானிக்கும்போது, உயர்தரத்துக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதைப் பார்ப்பார்கள். "கண்டியில பெரிய பள்ளிக்கூடம், நல்ல டியூஷன்" என்று நுவரெலியாப் பிள்ளையை அவசரத்தில் மாற்றுமுன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலில் அந்தப் பகுதியை ஒரு ஆசிரியரோடு உட்கார்ந்து வாசியுங்கள். மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து மாற்றுங்கள் என்கிறேன்.

படிவத்தில் கை வழுக்கக் கூடாது

பெறுபேறு வந்த பிறகு ஆணைக்குழு விண்ணப்பம் கேட்கும். இப்போது இது இணையம் மூலம். குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். அதில் பிள்ளை தனக்கு விருப்பமான கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் வரிசையாகக் கொடுக்க வேண்டும். இந்த வரிசையில்தான் நம்ம பிள்ளைகள் பலர் தவறிப் போகிறார்கள்.

ஒரு பிள்ளை நன்றாகப் படித்து, ஓரளவு நல்ல இசட் புள்ளி எடுத்தது. படிவத்தில் மருத்துவம், மருத்துவம், மருத்துவம் என்று எல்லாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தையும் எழுதி முடித்துவிட்டது. "மத்தத எழுதினா டாக்டர் கிடைக்காம போயிரும்" என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வருடம் மருத்துவம் கிடைக்கவில்லை. தாதியியலோ ஆய்வுகூட விஞ்ஞானமோ கேட்டிருந்தால் இடம் கிடைத்திருக்கக்கூடிய புள்ளி அது. கேட்காததைத் தருவார்களா?

உண்மையில் நடப்பது இதுதான். வரிசையில் மேலே உள்ளதிலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். பிள்ளையின் புள்ளிக்கு எட்டுகிற முதல் இடம் எதுவோ அதைத் தருவார்கள். கீழே தாதியியல் எழுதியதால் மேலே உள்ள மருத்துவம் போய்விடாது. ஆகவே விருப்பமானதை மேலே எழுதுங்கள், அடுத்தடுத்து மற்றவற்றையும் எழுதுங்கள். முந்திய வருடங்களில் எந்த மாவட்டத்துக்கு எந்த நெறிக்கு எவ்வளவு வெட்டுப்புள்ளி இருந்தது என்பது வெளியாகி இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். டவுனில் கொமியூனிகேஷன் கடையில் யாரோ ஒருவரிடம் நிரப்பச் சொல்லிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

சில நெறிகளுக்குச் சாதாரண தரத்திலும் குறிப்பிட்ட பாடத்தில் சித்தி கேட்பார்கள். அதுவும் கைநூலில் இருக்கிறது.

பேரும் பத்திரமும்

நம்ம வீடுகளில் இன்னொரு தொல்லை பேர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், பள்ளிக்கூடத்து இடாப்பில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர். அப்பா பேரில் ஒரு எழுத்து கூடியிருக்கும், முதலெழுத்து மாறியிருக்கும். பிறந்தபோது தோட்டத்தில் யாரோ எழுதியது. விண்ணப்பிக்கிற வாரத்தில் இதைத் திருத்த ஓடினால் நேரம் போதாது. பிள்ளை 10ஆம் வகுப்பில் இருக்கும்போதே மூன்றையும் எடுத்து ஒரு மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவிலும் போய்க் கேளுங்கள். உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம், அது எங்கள் வேலைதான்.

உள்ளே போன பிறகு

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதி உண்டு. வீட்டு வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. அது கிடைக்காதவர்களுக்கு உதவிப்பணம் என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் வருமானச் சான்று கேட்பார்கள். முதல் கொடுப்பனவு வரச் சில மாதம் பிந்தலாம். அந்த முதல் மாதங்களுக்கு மட்டும் கொஞ்சம் காசு சேர்த்து வைக்க வேண்டும். பயணம், சாப்பாடு, வெள்ளை மேலங்கி, புத்தகப் பிரதி என்று செலவு வரும். பிள்ளை உயர்தரம் படிக்கிற இரண்டு வருடத்திலும் மாதாமாதம் சின்னச் சீட்டு ஒன்று போட்டு வந்தாலே போதும்.

படிப்பு ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் உயர்தரம் படித்த பிள்ளைக்கு முதல் வருடம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். மருத்துவ பீடத்தில் முதலில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் படிப்பார்கள். எலும்பு ஒவ்வொன்றுக்கும், நரம்பு ஒவ்வொன்றுக்கும் பேர் பாடமாக்க வேண்டும். பிறகு நோயியல், மருந்தியல், நுண்ணுயிரியல், சமுதாய மருத்துவம், அதோடு வாட்டில் நோயாளிகளைப் பார்ப்பது. முதல் வருடம் பிள்ளை போன் எடுத்து "விட்டுட்டு வரேம்மா" என்று அழுதால், "சரி வா" என்று சொல்லிவிடாதீர்கள். கொழும்புப் பிள்ளையும் அந்த எலும்புகளின் பேரை அங்கேதான் முதன்முதலாகப் பாடமாக்குகிறது. ஆங்கிலம் மெல்ல வரும். உயர்தரம் எழுதிவிட்டுக் காத்திருக்கிற மாதங்களில் ஆங்கிலம் படித்த பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் பாதியாகும்.

பகிடிவதைக்குப் பயந்து பிள்ளையை அனுப்பாத பெற்றோரும் உண்டு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். யாராவது துன்புறுத்தினால் மறைக்காமல் முறைப்பாடு செய்யச் சொல்லுங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் படிக்கப் போகும் விஷயம் உங்களுக்குப் புதிதல்ல. மலையில் அட்டை கடித்தால் இரத்தம் ஏன் நிற்காமல் வழிகிறது? அதன் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. கர்ப்பிணி அம்மாவுக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடிக்க வேண்டாம் என்று மிட்வைஃப் சொல்வது ஏன்? தேயிலையில் உள்ள சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. நாம் பறிக்கிற கொழுந்தே நம் மருந்தைத் தடுக்கிறது, பார்த்தீர்களா? 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கிற பிள்ளையை ஏன் எடை குறைந்த பிள்ளை என்று தனியாகக் கவனிக்கிறார்கள்? இவற்றுக்கெல்லாம் விடை அந்த மூன்று பாடத்தில் இருக்கிறது. புத்தகத்தைத் தோட்டத்தோடு சேர்த்துப் படியுங்கள், மறக்காது.

புள்ளி எட்டாவிட்டால்?

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் படித்தது வீண் போகாது. சுகாதார அமைச்சின் தாதியர் கல்லூரிகளில் 3 வருடப் பயிற்சி உண்டு, பயிற்சிக் காலத்திலேயே கொடுப்பனவும் கிடைக்கும். அப்படித் தாதியானவர்கள் பிறகு வேலை பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கலாம். குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகிய பதவிகளுக்கும் அரசாங்கமே பயிற்சி கொடுக்கிறது. இவற்றுக்கெல்லாம் வர்த்தமானியில் அறிவித்தல் வரும். தகுதியும் வயதெல்லையும் அதில் இருக்கும்.

ஆனால் ஒன்று. டவுனில் பலகை போட்டு "ஆறு மாதத்தில் தாதி" என்று விளம்பரம் செய்கிற இடங்களில், சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டாதீர்கள். கட்டுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள். "இந்தச் சான்றிதழை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறதா? இதை வைத்து உரிய சபையில் பதிவு செய்ய முடியுமா?" பதிலை எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து பேச ஆறு கேள்விகள்

1. நம்ம பிள்ளைக்குக் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் போன தவணை எத்தனை புள்ளி? கடைசியாக ஆசிரியரைப் பார்த்தது எப்போது?

2. தமிழ் மொழியில் விஞ்ஞானம் உள்ள 1ஏபி பாடசாலை நமக்குக் கிட்ட எது? போக வர பஸ் உண்டா, இல்லாவிட்டால் தங்கச் சொந்தக்காரர் வீடு உண்டா?

3. சாதாரண தரம் எழுதிய பிறகு வரும் மாதங்களில் பிள்ளை எங்கே இருக்கும்?

4. பிறப்புச் சான்றிதழ், பாடசாலை இடாப்பு, அடையாள அட்டை மூன்றிலும் பேர் ஒன்றுதானா?

5. டாக்டர் தவிர வேறு எந்த மூன்று தொழில் நம்ம பிள்ளைக்குப் பிடிக்கும்?

6. உயர்தரம் படிக்கும் இரண்டு வருடமும் இரவில் இரண்டு மணித்தியாலம் தொலைக்காட்சியை நிறுத்தி வைக்க நாம் தயாரா?

ஆறாவது கேள்வியைச் சின்னது என்று நினைக்க வேண்டாம். எட்டுப் பேர் இருக்கிற ஒரு காம்பராவில் பிள்ளைக்குத் தனி அறை கொடுக்க நம்மால் முடியாது. அமைதியைக் கொடுக்க முடியும்.

இந்த ஆறுக்கும் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் தெரியாத கேள்வி இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பிரட்டு இல்லாத நேரம் பார்த்து உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். சாதாரண தரம் எழுதப் போகிற பிள்ளை உள்ள வீடுகள் மூன்றாவது கேள்விக்கு இன்றைக்கே பதில் முடிவு செய்துவிடுங்கள்.